அண்ணி அடுப்படிக்குப் போன ஒரு நிமிஷம்

நான் மூக்குக் குத்திக்கொண்டது முப்பத்தெட்டாவது வயதில். ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீம்புக்குத்தான் குத்திக்கொண்டேன். செத்துப்போன அம்மாவின் மூக்குத்தி அண்ணி வீட்டுக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். துணியை அளந்து வெட்டிக் கொடுப்பது வேலை. ஆனால் முதலாளி என்னை வைத்திருப்பது என் கைக்காக இல்லை, என் கண்ணுக்காக. சேலைக்குள் பிளவுஸ் துணியைச் சுருட்டிக்கொண்டு போகிற பெண்ணை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். சாயம் போகாது என்று ஏஜண்ட் சத்தியம் பண்ணினால் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுப்பேன். தக்காளி வாங்கினால் பையின் அடியில் இருப்பதை முதலில் பார்ப்பேன். கொழும்பில் ஹோட்டல் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், ‘உன்னைக் கட்டிக்கொண்டதற்குப் பொலிஸ் நாயைக் கட்டியிருந்தால் சம்பளமாவது வந்திருக்கும்’ என்று சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏமாந்தவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

அம்மா தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். கடைசிவரை அண்ணன் அண்ணியோடு தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான் இருந்தாள். போன வருஷம் ஒரு காலையில் நெஞ்சு வலி என்றாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்னே முடிந்துவிட்டது. எனக்குச் செய்தி வந்து, பஸ் பிடித்து, மலை ஏறிப் போய்ச் சேர்வதற்குள் குளிப்பாட்டி வேறு சேலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் பட்டது அந்த வெறும் மூக்குத்தான். அப்பா போன பிறகும் அம்மா கழற்றாத ஒரே நகை அது. பூப்போல ஐந்து இதழ், நடுவில் ஒரு சிவப்புக் கல். ஓர் இதழ் மட்டும் நெளிந்திருக்கும். பால் குடிக்கிற வயதில் நான் கடித்த தடம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அதைக் கழற்றியது அண்ணி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, தலைவலி பாம் டப்பி ஒன்றில் பஞ்சு வைத்து அதன்மேல் மூக்குத்தியை வைத்து என்னிடம் கொடுத்தாள். நான் அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. காம்பரா அறைக்குள் இருட்டாக இருந்தது. இஸ்தோப்புக்கு, அதாவது லயத்து முன்வாசலுக்கு வந்து, அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சத்தில் ரெண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். பூவைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன், நெளிந்த இதழைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. டப்பியை மூடிக் கைப்பைக்குள் போட்டேன். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

எங்கள் லயத்தில் ஒரு பேச்சு உண்டு. செத்தவளின் மூக்குத்தி வருஷம் திரும்புவதற்குள் இன்னொரு மூக்கில் ஏற வேண்டும். பெட்டியில் கிடந்தால் போனவளுக்கு மூச்சு முட்டும் என்பார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் திவசத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது அண்ணி போன் எடுத்து இதையே சொன்னாள். சொல்லிவிட்டு, நீ போடுவதாக இல்லை என்றால் நம்ம புள்ள மூக்கில் ஏற்றிவிடலாமா என்று கேட்டாள். நம்ம புள்ள என்றால் அவளுடைய மகள். பள்ளிக்கூடம் முடித்துப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள்.

வந்துவிட்டாள் விஷயத்துக்கு என்று நினைத்தேன். போனை வைத்த கையோடு வீட்டுக்காரருக்கு எடுத்து நானே மூக்குக் குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னேன். அவர், “உனக்கு அந்த மூக்குத்தி வேணுமா, இல்ல அண்ணிக்குக் கெடைக்கக் கூடாதா?” என்றார். போனை வைத்துவிட்டேன்.

முதலில் பதுளையிலேயே ஒரு அழகு நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் மூக்குத்தியைக் கையில் வாங்கிச் சிரித்தாள். தன்னிடம் இருக்கும் மூக்குக் குத்துகிற துப்பாக்கியில் ஊசி மாதிரி மெல்லிய கம்பிதான் ஏறும், இது அந்தக் காலத்துத் தடித்த கம்பி, உள்ளே திருகாணி வேறு, இதற்கெல்லாம் வீட்டில் கையால் குத்துகிறவர்களிடம்தான் போக வேண்டும் என்றாள். கொஸ்லந்தைப் பக்கம் ஒருத்தி நன்றாகக் குத்துவதாகச் சொன்னார்கள். விசாரித்தால் அவளுக்குப் போன மாசம்தான் கண் ஆபரேஷன் நடந்திருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஆள். எங்கள் லயத்தில் பாதிப் பெண்களுக்கு மூக்குக் குத்தியவள். அண்ணி.

யாருக்குப் போகக் கூடாது என்று குத்திக்கொள்கிறேனோ அவள் கையில்தான் மூக்கைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். புது ஊசிப் பாக்கெட் ஒன்றும், பஞ்சும், சின்ன சவர்க்காரக் கட்டியும் கொண்டுபோனேன். அண்ணி ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்து வைத்திருந்தாள். என் கண் முன்னால் இன்னொரு தரம் கொதிக்க வையுங்கள் என்றேன். மறுபேச்சு இல்லாமல் வைத்தாள். என்னுடைய ஊசியைக் காட்டினேன். அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இதில் குத்தினால் ஓட்டைக்குள் எறும்புதான் நுழையும், உங்கம்மா மூக்குத்தி நுழையாது என்றாள். அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையை முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பக்கத்துக் காம்பராவில் ஐஸ் வாங்கி வந்து மூக்கில் வைத்தாள். கண் மையால் வலது பக்கம் ஒரு புள்ளி வைத்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். கொஞ்சம் மேலே என்றேன், அழித்துவிட்டு மேலே வைத்தாள். இல்லை, பழைய இடம்தான் என்றேன், மறுபடி கீழே வைத்தாள். இப்படி நாலு தரம். ஐந்தாவது தரம் நான் வாயைத் திறப்பதற்குள் குத்திவிட்டாள்.

வலி ஒரு நொடிதான். ஆனால் அந்தப் பக்கத்துக் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, தும்மல் வருவது போல வந்து வராமல் நின்றது. ஊசியோடு வந்த நூல் மூக்கில் தொங்கியது. அண்ணி தன் மகளின் சின்ன வயசுத் தோட்டிலிருந்து எடுத்த மெல்லிய தங்கக் கம்பி ஒன்றைக் காட்டினாள். முதல் ஒரு மாசத்துக்கு இது இருக்கட்டும், உங்கம்மாவுடையது கனம், புண் ஆறாமல் போட்டால் இழுக்கும் என்றாள். ஒரு மாசமா? திவசத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான். அதுவரை மூக்குத்தி டப்பியில் கிடந்தால், அன்றைக்கு எல்லார் முன்னாலும் ‘இன்னும் ஏறலையே’ என்று எடுத்து மகளுக்குப் போட்டுவிடலாம் அல்லவா. நாள் கடத்துகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அம்மாவுடையதையே இப்போதே போடுங்கள் என்றேன். அண்ணி தங்கக் கம்பியை எடுத்து வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“சரி, குடு. கொதிக்க வச்சு எடுத்தாறேன்.”

டப்பியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். நடுவில் திரைச்சீலை. கூடவே போகத்தான் எழுந்தேன். ஒரு கண் தெரியவில்லை, தலை கிறுகிறுத்தது, அண்ணன் வேறு உட்கார் உட்கார் என்று தோளைப் பிடித்து அமுக்கினார். உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் நின்றது. கிண்ணம் ஒன்று வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நிமிஷம், கூடினால் ஒன்றரை நிமிஷம், எந்தச் சத்தமும் இல்லை. ஒரு மூக்குத்தியைத் தண்ணீரிலிருந்து எடுக்க ஒன்றரை நிமிஷமா?

திரும்பி வந்தவள் தலையைக் குனிந்தபடியே வந்து, நூலை இழுத்து, மூக்குத்தியை ஏற்றி, உள்ளே விரலை விட்டுத் திருகினாள். குத்தியதைவிட அதுதான் வலித்தது. பிறகு சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்ற வேண்டும். கடை மஞ்சள் தூளைப் பூசக் கூடாது. தலைவழியாகச் சட்டை போடும்போது பார்த்துப் போட வேண்டும். இடது பக்கம்தான் படுக்க வேண்டும். கடைசியாக ஒன்றை மட்டும் ரெண்டு தரம் சொன்னாள்.

“கை மட்டும் வைக்காத. திருப்பிப் பாக்காத. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

ஏன் திருப்பிப் பார்க்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறையில் பெரிய கண்ணாடி இருக்கிறது. மறுநாள் காலையில் கடை திறந்ததும் அதற்குள் போனேன். கல் மங்கலாகத் தெரிந்தது. அம்மா மூக்கில் அது மாதுளை முத்துப் போல இருக்கும். இது பழைய ரத்தம் மாதிரி இருந்தது. நெளிந்த இதழைத் தேடினேன். மூக்கு வீங்கியிருந்ததால் பூவின் அடிப்பக்கம் தெரியவில்லை. விரலால் மெல்லத் திருப்பினேன். வலித்தது. அப்படியும் தெரியவில்லை. போனில் லைட்டைப் போட்டுப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் பழைய படம் ஒன்றையும் பெரிதாக்கி ரெண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அம்மாவின் படத்தைப் பெரிதாக்கினால் மூக்குத்தி வெறும் மூன்று சதுரமாக உடைந்துபோனது. நாலு நாளில் என் போன் முழுக்க என் மூக்குத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரிந்தது.

ஐந்தாம் நாள் மூக்கு தக்காளியாகிவிட்டது. கம்பியைச் சுற்றி மஞ்சளாகச் சீழ். கடையில் கூட வேலை செய்கிறவள் பார்த்துவிட்டு, பவுன் புண்ணாக்காதே அக்கா, பித்தளைதான் புண்ணாக்கும் என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு உள்ளே ஒரு கதவு படாரென்று சாத்தியது. எல்லாம் பொருந்திவிட்டது. ஒன்றரை நிமிஷம், மங்கின கல், காணாத இதழ், திருப்பிப் பார்க்காதே என்ற எச்சரிக்கை. மாற்றிவிட்டாள்.

அடுத்த நாள் டாக்டரிடம் போனேன். இளம் சிங்களப் பெண். மூக்கைப் பார்த்துவிட்டு, அடிக்கடி கை வைக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். என் நகத்தைப் பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்து, கை வைக்காமல் இருந்தால் ஆறிவிடும், ஆறாவிட்டால் கழற்ற வேண்டிவரும் என்றார். கழற்றினால் ஓட்டை மூடிவிடும். ஓட்டை மூடினால் திவசத்தன்று மூக்குத்தி எந்த மூக்குக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அண்ணியும் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்திருப்பாள் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் அண்ணியே கடைக்கு வந்தாள். மருந்து எடுக்கப் பதுளைக்கு வந்ததாகவும், அப்படியே மூக்கைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும் சொன்னாள். கையில் ஒரு பை நிறைய ஆனைக்கொய்யாப் பழம். என் மூக்கைப் பார்த்து முகம் மாறினாள். நான் பார்த்தது அவளுடைய மூக்கை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மூக்கில் இருந்த மூக்குத்தி இல்லை. அந்த ஓட்டையில் சின்ன ஈர்க்குத் துண்டு ஒன்று செருகியிருந்தது. எங்கே மூக்குத்தி என்று கேட்டேன். திருகாணி இல்லை, கழற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள். இருபது வருஷம் இருந்த திருகாணி இந்த வாரம்தான் இல்லாமல் போனதாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். தன்னுடையதை எதற்குக் கழற்றினாள், அம்மாவுடையதை எங்கே வைத்திருக்கிறாள், என்னுடைய மூக்கில் இருப்பது எந்தக் கடைக் குப்பை என்று என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனைக்கொய்யாவைக் கூட வேலை செய்கிறவளுக்கே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் உடை மாற்றும் அறைக்குள் போய் மூக்குத்தியைக் கழற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கழற்றினேன். சீழும் ரத்தமும் காய்ந்து அப்பியிருந்ததில், கையில் வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டை மூடாமல் இருக்க நூலைக் கோத்துக்கொண்டு, அதே தெருவில் இருக்கும் நகைக்கடைக்குப் போனேன். முதலாளி முஸ்லிம் மனிதர், வயதானவர், எங்கள் கடையில்தான் வீட்டுக்குத் துணி எடுப்பார், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். நானா, இது பவுனா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிக் கண்ணாடி மேசையில் வைத்தேன்.

துடைத்துவிட்டு உரைகல்லில் உரசினார். கண்ணில் கண்ணாடியை மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பவுன்தான் தங்கச்சி. நல்ல பழைய பவுன். இந்தா, ஒரு இதழ்ல கடிச்ச மாதிரி ஒரு நெளிவும் இரிக்கி.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம். அதை மறைக்க முடியாது. ஒன்பது நாள் கட்டி வைத்ததெல்லாம் இடிந்து விழுந்தது போல இருந்தது. ஆனால் அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பூவும் கம்பியும் ஒரு கை செய்தது, திருகாணி வேறு கை செய்தது என்றார். அதுவும் பவுன்தான், ஆனால் இந்த மூக்குத்திக்குச் செய்ததில்லை, உள்ளே திருகு ஏறுகிற மரையை நெருக்கி ஏற்றியிருக்கிறார்கள், சமீபத்தில்தான் மாற்றியிருக்க வேண்டும்.

ஆக, மாற்றியிருக்கிறாள். பூவை இல்லை என்றால் திருகாணியை. அந்த ஒன்றரை நிமிஷம் சும்மா போகவில்லை. எனக்கு உடம்பு முழுக்கப் புது ரத்தம் ஓடியது போல இருந்தது. அங்கேயே மூக்குத்தியை மறுபடி ஏற்றித் திருகிக்கொண்டேன்.

அடுத்த நாள் பௌர்ணமிப் போயா, கடை இல்லை. முதல் பஸ்ஸிலேயே தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் வெளியே போயிருந்தார். அண்ணி இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்றாள். நான் உட்காரவில்லை.

“அண்ணி, என் மூக்குல இருக்கிற திருகாணி யாரோடது?”

அவள் கீரையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. “என்னோடது” என்றாள். உள்ளே போய் ஒரு நெருப்புப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். திறந்தேன். சின்னத் திருகாணி ஒன்று. பித்தளை. மரையெல்லாம் பச்சை பிடித்திருந்தது.

“இது உங்க அம்மாவோடது. நீ கொண்டாந்த மூக்குத்தில இதுதான் இருந்துச்சு. பச்சப்புண்ணுல பித்தளையப் போட்டா அழுகிரும். அதான் என்னோடதக் கழட்டிப் போட்டேன்.”

ஒரு வருஷம் அந்த டப்பியைத் திறந்து திறந்து பார்த்தவள் நான். பூவைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன். திருகாணி கறுத்திருந்தது, அழுக்கு என்று விட்டுவிட்டேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அந்த மூக்குத்தியில் பொய்யாக இருந்த ஒரே ஒன்றைச் சந்தேகப்படவில்லை.

அம்மா மூக்கில் பித்தளை எப்படி வந்தது என்று கேட்டேன். அண்ணி முதலில் தயங்கினாள். பிறகு உட்கார்ந்துகொண்டு சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் மலையில் ரெண்டு பேரும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது மழை வந்திருக்கிறது. அம்மா தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபோது மூக்குத்தி துவாயோடு வந்துவிட்டது. பூ துவாயில் மாட்டிக்கொண்டது, திருகாணி தேயிலைக்கடியில் எங்கோ விழுந்துவிட்டது. அன்றைக்கு இருட்டும்வரை ரெண்டு பேரும் முழங்காலில் நின்று தேடினார்கள். அடுத்த நாளும் தேடினார்கள். கிடைக்கவில்லை. அம்மா பதுளைக்கு வந்து பேன்சிக் கடை ஒன்றில் பித்தளைத் திருகாணி வாங்கிப் போட்டுக்கொண்டாள். பழைய ஓட்டை, ஒன்றும் செய்யவில்லை.

பதுளைக்கு வந்தாளாம். நான் வேலை செய்யும் தெருவுக்கு. என்னிடம் வரவில்லை.

“எனக்கு ஏன் சொல்லல?”

“அத்ததான் சொல்லக் கூடாதுன்னாங்க.”

“ஏன்?”

அண்ணி கீரைத் தண்டு ஒன்றை எடுத்து ஒடித்தாள். “விடு, செத்தவங்க பேச்சு எதுக்கு” என்றாள். விடமாட்டேன் என்றேன். என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“‘அவளுக்குத் தெரிஞ்சா உன்னத்தான் சந்தேகப்படுவா. நீ எடுத்துட்டன்னு சொல்லுவா. நீ வாயத் தொறக்காத’ன்னு சொன்னாங்க.”

அதன் பிறகு அம்மா உயிரோடு இருந்த மூன்று வருஷமும் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. நான் போகும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசுவாள். சளி என்பாள். மூக்கு உள்ளவரை சளி என்று நானும் சிரித்திருக்கிறேன். என் அம்மா என்னிடமிருந்து மூக்கை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பெற்ற மகளுக்குப் பயந்துபோய், தொலைந்த ஒரு திருகாணியை, மருமகளோடு சேர்ந்து மறைத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அம்மாமேல் கோபமாகவும் இருந்தது. அந்தக் கோபம் அவள் சொன்னது சரியாகப் போனதால் வந்தது.

குத்தின அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

நம்பியிருக்க மாட்டேன். ஊசியைக்கூட நம்பாமல் ரெண்டாம் தரம் கொதிக்க வைக்கச் சொன்னவள். பித்தளையைக் காட்டியிருந்தால், மாற்றி வைத்துவிட்டு அம்மாமேல் பழி போடுகிறாள் என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தியிருப்பேன்.

அண்ணி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். வீக்கத்தைப் பார்த்தாள். கை வச்சியா என்று கேட்டாள். டாக்டரிடம் சொன்ன பொய் வாய்வரை வந்தது. ஆமாம், ஒரு நாளைக்குப் பத்துத் தரம், நேற்றுக் கழற்றிக்கூடப் பார்த்தேன் என்று சொன்னேன். பவுனும் புண்ணாகும் கை வச்சா என்று சொல்லிவிட்டு உப்புத் தண்ணீர் வைக்கப் போனாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். உங்கள் மூக்குத்தியைக் கொடுங்கள், நகைக்கடையில் மரை பார்த்து அதற்குப் புதுத் திருகாணி போட்டுக் கொண்டுவருகிறேன் என்றேன். கொடுக்கத் தயங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அண்ணி அலமாரியைத் திறந்து, கடதாசியில் சுற்றியிருந்ததை அப்படியே என் கையில் வைத்தாள். பிரித்துக் காட்டக்கூட இல்லை. பஸ் போயிரும், போ என்றாள்.

திவசத்துக்கு மிச்சமிருந்த ஒன்பது நாள் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். மாத்திரை, உப்புத் தண்ணீர், இதைத் தவிர மூக்குப் பக்கம் எதுவும் போகக் கூடாது. கை தானாகவே மேலே ஏறும். துணி அளக்கும்போது ஏறும், கஸ்டமரோடு பேசும்போது ஏறும். டேப்பைக் கழுத்தில் போடாமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றேன். உடை மாற்றும் அறைப் பக்கமே போகவில்லை. போனில் இருந்த மூக்குப் படங்களை எல்லாம் அழித்தேன், ஒன்றைத் தவிர. மூன்றாம் நாள் வீக்கம் வடிய ஆரம்பித்தது. ஆறாம் நாள் சீழ் நின்றது. வேறு எதுவும் செய்யவில்லை, சும்மா விட்டேன், ஆறியது.

திவசத்தன்று நேரத்தோடு போனேன். படையலுக்கு அண்ணி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் என் மூக்கைப் பார்த்து, அம்மா மாதிரியே இருக்கு என்றார். அவருக்கு எப்போதும் எதுவும் தெரியாது, அதுவும் ஒரு கொடுப்பினைதான். பக்கத்துக் காம்பராப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, ஏத்திட்டியா, நல்லது என்றார்கள். அண்ணியின் மகளும் வந்து எட்டிப் பார்த்து, அழகா இருக்கு அத்தை என்றாள். அவள் முகத்தில் நான் தேடிய பொறாமை இல்லை. தேடியதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுடைய மூக்குத்தியைப் புதுத் திருகாணியோடு கொடுத்தேன். நகைக்கடையில் நானே பக்கத்தில் நின்று, நல்ல பவுன்தானா என்று கேட்டுக் கேட்டுப் போட்டது. அண்ணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அடுப்படியில் புகையும் இருட்டுமாக இருந்தது. இஸ்தோப்புக்கு வந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திருகாணியைக் கழற்றினாள். ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள், இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தாள்.

எனக்கு முகம் சூடேறியது. நான் ஏமாற்றிவிடுவேன் என்று நினைக்கிறாளா? இவ்வளவு பார்த்து, இவ்வளவு நின்று செய்து கொண்டுவந்திருக்கிறேன், என்னையா?

“என்ன பாக்குறீங்க அண்ணி?”

அவள் நிமிர்ந்தாள். “மரை சரியாச் சேருதான்னு பாத்தேன்” என்றாள். “ஏன்?”

ஒன்றுமில்லை என்றேன். அவள் ஈர்க்கை எடுத்துப் போட்டுவிட்டு, மூக்குத்தியை ஏற்றித் திருகிக்கொண்டு, வடை கருகிவிடும் என்று உள்ளே ஓடினாள். நான் அங்கேயே நின்றேன். பதினாறாம் நாள் நான் நின்றதும் அதே இடத்தில்தான், அதே வெளிச்சத்தில்தான். அன்றைக்கு அவள் என்னிடம் என்ன பார்க்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்படி ஒரு பதில் என்னிடம் இருந்திருக்காது. அன்றைக்கு நான் மரையைப் பார்க்கவில்லை.